சுமப்பவன் தமிழன்; ஏவுவது ஆங்கிலமா?

கடற்றுறை ஒன்றில் இழுவண்டி ஓட்டும் இளைஞன் ஒருவன் அண்மையில் என் இல்லம் போந்தான். பத்தாம் வகுப்பு வரை என்பால் தமிழ்வழியில் பயின்றவன். வெண்பாவுக்குத் தளை பிரிப்பதில் வகுப்பிலேயே முதல்வனாக நின்றவன். அவன் முகம் வாடியிருந்தது. கரணியம் வினவினேன்.

“ஐயா, வண்டியில் என் கண்ணெதிரே ஒரு சிறு திரை பொருத்தியிருக்கின்றார்கள். எந்தப் பெட்டியை எடுப்பது, எங்கே கொண்டு செல்வது என்பதெல்லாம் அதில்தான் வரும்; எல்லாம் ஆங்கிலம். சென்ற கிழமை மழையிரவில் பெட்டியின் எண்ணும் ‘ஃகோல்டு’ என்ற சொல்லும் வந்தன. கப்பலின் உள்ளறையைத்தான் எங்கள் ஆட்கள் ஃகோல்டு என்பார்கள். கப்பலுக்குத்தான் செல்லச் சொல்கின்றார்கள் என்று எண்ணி வண்டியைக் கிரேனின் அடிக்கே கொண்டு சென்றுவிட்டேன். மேலிருந்து வேறொரு பெட்டி இறங்கிக்கொண்டிருந்தது. கீழே நின்ற பெரியவர் கூவியிராவிட்டால் நான் இன்று தங்கள்முன் நிற்கமாட்டேன். பிறகுதான் தெரிந்தது: அந்தப் பெட்டிக்குச் சுங்கத்தார் தடை போட்டிருக்கின்றார்களாம், அசையாமல் நில் என்பது பொருளாம். அன்றைய கூலியைப் பிடித்துக்கொண்டார்கள்.”

“ஐயுற்றபோது மேலாளரைக் கேட்டிருக்கலாமே, தம்பி?” என்றேன்.

“கேட்டால், ஆங்கிலம் அறியாதவன் என்று வண்டியை விட்டே இறக்கிவிடுவார்களோ என்ற அச்சம், ஐயா” என்றான்.

அன்பர்காள்! அவ்வச்சத்தை எண்ணிப் பாருங்கள். சொந்த மண்ணில், சொந்தக் கடற்கரையில், உடல்வலியும் கைத்திறனும் உடைய ஒரு தமிழ்மகன், தனக்கு ஒரு சொல் விளங்கவில்லை என்று வாய்திறந்து கூற அஞ்சுகின்றான். அவ்வச்சம் அவன் உயிரையே குடிக்கப் பார்த்தது. இஃது ஒருவன் அறியாமையால் நேர்ந்த பிழையா? அன்று. ஏவும் மொழிக்கும் ஏவப்படுவான் மொழிக்கும் இடையே வெட்டி வைத்த பள்ளத்தால் நேர்ந்த பிழை.

இப்பொறியமைப்பின் இயல்பை முதற்கண் அறிதல் வேண்டும். 1956ஆம் ஆண்டு ஏப்பிரல் 26ஆம் நாள், மால்கம் மெக்லீன் என்னும் அமெரிக்க வணிகர் 58 பெட்டிகளை ஓர் எண்ணெய்க் கப்பலின் மேற்றளத்தில் ஏற்றி நெவார்க்கினின்று ஊசுட்டனுக்கு அனுப்பினார். கன்டெய்னர் என மக்கள் வழங்கும் கொள்கலப் பெருவாணிகம் அவ்வாறு தொடங்கியது. சென்னைத் துறைமுகத்தில் கொள்கல முனையம் 1983இல் அமைந்தது. தமிழில் ஏனத்துக்கும் கலம் என்பது பெயர். கப்பலுக்கும் கலம் என்பது பெயர். கலத்துள் கலம் ஏறிச் செல்லும் இத்தொழிலுக்கு நம் மொழி முன்பே அணியமாய் இருந்தது போலும்!

பெட்டிகள் பெருகப் பெருக, எது எங்கே உள்ளது என்பதை மாந்தர் நினைவில் வைத்தல் இயலாதாயிற்று. ஐந்தாறு பெட்டிகள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்பட்டிருக்கும். அடியிலுள்ளதை எடுக்க வேண்டின், மேலுள்ளவற்றையெல்லாம் பெயர்த்து வைத்தல் வேண்டும். அஃது ஊதியமற்ற உழைப்பு. எனவே எப்பெட்டி எக்கப்பலுக்கு உரியது, எதன் எடை மிகுதி, எதற்குக் குளிர்மின் இணைப்பு வேண்டும், எதனுள் தீப்பற்றும் பொருள் உள்ளது என்பனவற்றைக் கணிப்பொறி கணக்கிட்டு, ஒவ்வொரு தூக்கிக்கும் ஒவ்வொரு வண்டிக்கும் பணியைப் பகிர்ந்தளிக்கின்றது. எவ்வண்டி அருகிலுள்ளது, எது வெறுமையாகத் திரும்புகின்றது என்று பார்த்துப் பணியை மாற்றியும் தருகின்றது. அரிய அறிவுத்திறம் இது! இதனை யாம் பழிக்கவில்லை. வாழ்த்தவே செய்கின்றோம்.

ஒவ்வொரு பெட்டியின் மேலும் 11 குறிகள் பொறிக்கப்பட்டுள்ளன: உடையவரைக் காட்ட 3 எழுத்து, வகையைக் காட்ட 1 எழுத்து, வரிசையெண்ணாக 6 இலக்கம், இறுதியில் பிழையறியும் இலக்கம் 1. முதற் பத்துக் குறிகளின் மதிப்பையும் 1, 2, 4, 8 என இரட்டித்துச் செல்லும் எண்களால் பெருக்கிக் கூட்டி, 11ஆல் வகுத்து, எஞ்சுவதைக் கொண்டு அவ்விறுதி இலக்கம் பெறப்படும். ஒரு குறியைத் தவறாகப் படித்தால் கணிப்பொறி பெரும்பாலும் கண்டுகொள்ளும். புகாரில் இறங்கிய பண்டங்களுக்குச் சோழர் புலிப்பொறி இட்டமையைப் பட்டினப்பாலை கூறும். அதன் கால்வழியே இப்பெட்டிப்பொறியும் எனலாம்.

இப்பதினோரு குறிகளையும் தமிழில் மாற்றுக என யாம் கூறோம். அவை உலகக் கடற்றுறைகள் அனைத்துக்கும் பொதுவானவை. மாற்றினால் பெட்டிதான் வழிதப்பும். கடல் கடந்து செல்லும் குறி வேறு. கரையில் நிற்கும் தொழிலாளியை நோக்கி வரும் கட்டளை வேறு. முன்னது உலகுக்கு உரியது. பின்னது அவன் ஒருவனுக்கே உரியது. அது மட்டும் ஏன் அவன் மொழியில் இருத்தல் கூடாது?

“கணிப்பொறிக்குத் தமிழ் வாராது” என்பர் சிலர். கணிப்பொறிக்கு ஆங்கிலமும் வாராது; அது கையாள்வன எண்களே. திரையில் தோன்றும் சொற்பட்டியலைக் கணக்கிடும் பகுதியினின்று பிரித்து அமைப்பது மென்பொருள் வல்லார் நன்கறிந்த முறை. உலகப் பொதுக் குறியீட்டு முறையாகிய யூனிகோடில் 1991ஆம் ஆண்டிலேயே தமிழ் இடம்பெற்றுவிட்டது. கொரியாவின் பூசான் நகரத்தார் தம் கடற்றுறைகளுக்குத் தாமே மென்பொருள் ஆக்கினர். 2017இல் திறக்கப்பட்ட யாங்சான் நான்காம் முனையத்துக்குச் சாங்காய்த் துறைமுகத்தாரும் தாமே ஆக்கினர். மென்பொருள் உலகெங்கும் பரப்பி வரும் தமிழிளைஞர்க்கு ஒரு சொற்பட்டியலை ஆக்குதல் அரிதோ?

“தமிழ்ச்சொல் நீளும், சிறு திரையில் அடங்காது” என்பர் வேறு சிலர். இலக்கணம் கல்லாதார் கூற்று இது. தமிழில் வினைப்பகுதியே ஏவலாகும். எடு, ஏற்று, நில், செல் என்பவற்றினும் குறுகிய கட்டளை எம்மொழியில் உண்டு? நன்னூலார் தொகுத்த 42 ஓரெழுத்து ஒருமொழிகளுள் ‘வா’வும் ‘வை’யும் உள்ளன. வண்டிக்காரனுக்கு ஒரு நாளில் மிகுதியாகப் பயன்படும் கட்டளைகள் அவையே அல்லவோ?

ஆயினும் ஒரு பொறி ஓர் ஆளை ‘எடு, வை’ என ஒருமையில் ஏவுதல் யாம் விரும்புவதன்று. அதற்கும் நம் முன்னோர் வழி வகுத்துள்ளனர். இருதிணை ஐம்பால் மூவிடத்துக்கும் பொதுவாகிய வியங்கோள் வினைமுற்று உண்டு. எடுக்க, வைக்க, நிற்க, செல்க, இறக்குக என்று திரையில் வரட்டும். கட்டளை கட்டளையாகவே நிற்கும். தொழிலாளியின் மதிப்பும் குன்றாது. ‘ஃகோல்டு’ என்னும் ஒரே சொல் கப்பலின் உள்ளறையையும் சுங்கத்தடையையும் பற்றிப் பிடித்தலையும் சுட்டி உயிருக்கு இடராய் நிற்க, தமிழில் உள்ளறை வேறு, தடை வேறு, பிடிக்க என்பது வேறு. எம்மொழி தெளிவுடைத்து?

1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டம், அறிவிப்புகள் ஆங்கிலத்தில் மட்டுமன்றித் தொழிலாளருள் பெரும்பாலோர் அறிந்த மொழியிலும் ஒட்டப்படுதல் வேண்டும் என விதித்தது. துறைமுகம் தொழிற்சாலை அன்று எனலாம், நெறி ஒன்றே. சுவரில் ஒட்டும் தாளுக்கு அன்று இருந்த அறம், கண்ணெதிரே ஒளிரும் திரைக்கு இன்று ஏன் இல்லை?

ஆகவே யாம் வேண்டுவன மூன்று. சென்னை, எண்ணூர், தூத்துக்குடித் துறைமுகங்களை ஆளும் நடுவணரசு, முனையங்களைத் தனியார்க்கு விடும் ஒப்பந்தங்களில் தொழிலாளர் திரை அவர்தம் மொழியில் இருத்தல் வேண்டும் என்று எழுதுக. காட்டுப்பள்ளி போன்ற, மாநில ஆளுகையிலுள்ள துறைகளில் தமிழக அரசு இதனை உடனே தொடங்குக. வடபுலத்தினின்று வந்து உழைப்பாரும் தத்தம் மொழியைத் தேர்ந்துகொள்ளும் ஏந்து அத்திரையில் இருக்க. நமக்கு வேண்டும் உரிமையைப் பிறர்க்கு மறுத்தல் தமிழர் பண்பன்று.

மூன்றாவது நமக்கே உரியது. தமிழறிஞராகிய நாம் அறைக்குள் அமர்ந்து சொல்லாக்கி அனுப்புவோமாயின், அச்சொல்லும் அவ்விளைஞனுக்கு மற்றோர் ஆங்கிலமே ஆகும். கடற்றுறைக்குச் செல்வோம், தூக்கி இயக்குவோரும் கயிறு மாற்றுவோரும் நாளும் வழங்கும் நற்சொற்களைக் கேட்டுத் தொகுப்போம், குறைவனவற்றை அவரோடு அமர்ந்தே ஆக்குவோம். என் மாணாக்கன் முப்பது சொற்களை எழுதித் தருவதாகக் கூறிச் சென்றுள்ளான். ஒருகாலத்தில் அவன் ஏட்டை யான் திருத்தினேன். இம்முறை அவன் எழுதித் தருவதை யான் கற்கப்போகின்றேன்.