தமிழ் எழுதிய பணத்தாளும் வரி கட்டாத மூலதனமும்

மொரீஷியஸ் நாட்டுப் பணத்தாளில் தமிழ் இருக்கிறது. ஆங்கிலத்துக்கு அடுத்த இடம் தமிழுக்கு, அதன் பின்னரே இந்தி. 1998இல் வெளியான புதிய தாள்களில் இந்த வரிசை மாற்றப்பட்டபோது அங்குள்ள தமிழர்கள் கொதித்தெழுந்தனர். அரசு அத்தாள்களைத் திரும்பப் பெற நேர்ந்தது. அந்தத் தாளின் படம் இன்றும் தாராவியிலும் காட்கோபரிலும் தமிழர் கைபேசிகளில் சுற்றிவருகிறது. பெருமிதம் கொள்வதில் பிழையில்லை. ஆனால் அதே தீவின் பெயரைச் சொல்லிக்கொண்டு மும்பைக்குள் நுழைந்த மூலதனத்தைப் பற்றி அந்தக் கைபேசிகள் எதுவும் சொல்வதில்லை. உழைப்பாளி மக்களுக்குத் தெரிய வேண்டியது அதுதான்.

தீவின் கதை கரும்பிலிருந்து தொடங்குகிறது. 1835இல் அடிமைமுறை ஒழிந்தபோது பிரிட்டிஷ் அரசு இழப்பீடு வழங்கியது. அடிமைகளுக்கு அல்ல, எசமானர்களுக்கு. மொரீஷியஸ் தோட்ட முதலாளிகளுக்கு மட்டும் 20 இலட்சம் பவுனுக்கு மேல் கிடைத்தது. அடிமைகளின் இடத்தை நிரப்பக் கல்கத்தா, சென்னை, பம்பாய் துறைமுகங்களிலிருந்து ஒப்பந்தக் கூலிகள் கப்பலேற்றப்பட்டனர். இரத்தினகிரிப் பகுதியின் மராத்தி உழவர்கள் பம்பாயிலிருந்தே சென்றனர். ஏறத்தாழ 5 இலட்சம் பேர் போர்ட் லூயிஸ் துறைமுகத்தில் இறங்கினர்.

1943 செப்டம்பர் 27 அன்று பெல் வூ ஹரேல் தோட்டத்தில் கூலி உயர்வு கேட்டுப் போராடிய தொழிலாளர்கள் மீது காவல்துறை சுட்டது. நால்வர் மாண்டனர். அவர்களில் ஒருவர் அஞ்சலை கூப்பன், கருவுற்றிருந்த பெண். இன்று அத்தீவில் ஒரு விளையாட்டரங்கம் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. மொரீஷியஸில் கல்வி இலவசம், மருத்துவம் இலவசம், முதியோர் அனைவருக்கும் ஓய்வூதியம் என்று உலக வங்கியைச் சேர்ந்தவர்கள் வியந்து எழுதும்போது, இவை முதலீட்டாளர்களை ஈர்த்ததன் பலன் என்பதுபோல் எழுதுகிறார்கள். கால வரிசையைப் பார்த்தாலே இது பொய்த்துவிடும். அனைவருக்குமான முதியோர் ஓய்வூதியம் நாடு விடுதலை பெறுவதற்கு முன்பே, 1950களில் வந்தது. இடைநிலைக் கல்வி இலவசமானது 1977இல். அதற்கு முன் 1975இல் மாணவர்கள் வீதியில் இறங்கிப் போராடியிருந்தனர். அயல்நாட்டு நிதியங்கள் தீவுக்கு வந்தது அதற்கெல்லாம் வெகுகாலம் பின்னர்.

விடுதலைக்கும் விலை வைக்கப்பட்டது. 1965 நவம்பரில் சாகோஸ் தீவுக்கூட்டத்தை மொரீஷியஸிலிருந்து பிரித்தெடுத்து, ஈடாக 30 இலட்சம் பவுன் தந்தது பிரிட்டன். டீகோ கார்சியாவில் அமெரிக்கத் தளம் அமைந்தது. அங்கு தலைமுறைகளாக வாழ்ந்த மக்கள் 1973க்குள் முற்றாக வெளியேற்றப்பட்டனர். 1968 மார்ச் 12 அன்று கொடி ஏறியது. ஆயினும் கரும்பு நிலம் பழைய பிரெஞ்சு வம்சாவளி முதலாளிகளிடமே இருந்தது.

இதை எதிர்த்துத்தான் 1969இல் மொரீஷியஸ் போர்க்குண இயக்கம் பிறந்தது. இந்து, முஸ்லிம், சீனர், பொதுமக்கள் என்று சமூகவாரியாக எண்ணிக் கூடுதல் இடங்களைப் பங்கிடும் அரசியல் சட்டத்தைக் கொண்ட நாட்டில், வர்க்கத்தின் பெயரால் மக்களைத் திரட்டியது அந்த இயக்கம். 1971இல் துறைமுகத் தொழிலாளர் வேலைநிறுத்தம் தீவையே அசைத்தது. அரசு நெருக்கடிநிலையை அறிவித்தது. தலைவர்கள் சிறை சென்றனர். தேர்தல் 1976 வரை தள்ளிப்போனது. ஆனால் 1982 ஜூனில் அந்த இயக்கமும் அதன் கூட்டணியும் முதன்மைத் தீவின் 60 இடங்களையும் வென்றன. எதிர்க்கட்சிக்கு அங்கே ஓரிடம்கூட இல்லை.

அந்த வெற்றிக்குப் பின் நடந்ததைத் தோழர்கள் ஊன்றிக் கவனிக்க வேண்டும். நிதியமைச்சரான பால் பெராஞ்சே பன்னாட்டு நிதியம் வகுத்த சிக்கனப் பாதையையே பின்பற்றினார். மொழிச் சிக்கலும் தலைமைப் போட்டியும் அதனுடன் சேர்ந்துகொள்ள, ஓராண்டு நிறைவதற்குள் ஆட்சி பிளந்தது. சட்டமன்றம் முழுவதும் கையில் இருந்தது; நிலமும் வங்கியும் ஏற்றுமதிச் சந்தையும் கையில் இல்லை.

இந்தியாவுடனான இரட்டை வரி தவிர்ப்பு ஒப்பந்தம் கையெழுத்தானதும் அந்த ஆட்சியில்தான்: 1982 ஆகஸ்ட் 24, போர்ட் லூயிஸ். அன்று அதை எவரும் பெரிதாக எண்ணவில்லை. மொரீஷியஸில் பதிவான நிறுவனம் இந்தியப் பங்குகளை விற்று ஈட்டும் ஆதாயத்துக்கு மொரீஷியஸ் மட்டுமே வரி விதிக்கலாம் என்றது ஒப்பந்தம். மொரீஷியஸிலோ மூலதன ஆதாய வரியே கிடையாது. ஆக, இரட்டை வரியைத் தவிர்ப்பதாகச் சொன்ன ஒப்பந்தம் ஒற்றை வரியையும் தவிர்த்தது!

1992இல் நரசிம்மராவ் அரசு அயல்நாட்டு நிதி நிறுவனங்களுக்குப் பங்குச் சந்தையைத் திறந்துவிட்டது. அதே ஆண்டில் மொரீஷியஸ் அயல்வணிக நிறுவனங்களுக்கெனத் தனிச் சட்டம் இயற்றியது. அதன் பின் நியூயார்க், லண்டன் பணம் மட்டுமல்ல, இந்தியாவிலிருந்து வெளியேறிய இந்தியப் பணமும் போர்ட் லூயிஸில் ஒரு பெயர்ப்பலகையை மாட்டிக்கொண்டு மும்பைக்கு வந்தது. 2000இல் மும்பை வருமான வரி அதிகாரிகள் சிலர் துணிந்து அறிவிக்கைகள் அனுப்பினர். சந்தை சரிந்தது. உடனே வாஜ்பாய் அரசின் நேரடி வரிகள் வாரியம், மொரீஷியஸ் தரும் வசிப்பிடச் சான்றே போதுமென்று ஏப்ரல் 13 அன்று சுற்றறிக்கை விட்டது. தில்லி உயர்நீதிமன்றம் அதை இரத்து செய்தது. 2003இல் உச்சநீதிமன்றம் மீண்டும் உயிர்ப்பித்தது. காங்கிரசும் பாஜகவும் மோதிக்கொள்ளாத களங்களில் இதுவும் ஒன்று.

விளைவை எளிதாகவே சொல்லலாம். வாங்கிய பங்கை ஓராண்டுக்குள் விற்ற உள்நாட்டவர் ஆதாயத்தில் 15 விழுக்காடு வரி செலுத்திய காலத்தில், மொரீஷியஸ் சான்று வைத்திருந்தவர் ஏதும் செலுத்தவில்லை. காட்கோபரில் வீட்டு வேலைக்குச் செல்லும் பெண் வாங்கும் ஒவ்வொரு சோப்புக் கட்டியிலும் வரி உண்டு. அங்கிருந்து சில கிலோமீட்டர் தொலைவில், பாந்திரா-குர்லா வளாகத்தின் பங்குச் சந்தையில் ஒரு நொடியில் கைமாறிய கோடிகளுக்கு அது இல்லை. 2016இல் ஒப்பந்தம் திருத்தப்பட்டது. 2017 ஏப்ரலுக்குப் பின் வாங்கும் பங்குகளுக்கு வரி வந்தது. அதற்கு முன் வாங்கியவற்றுக்கு விலக்கு தொடர்ந்தது. 2000க்குப் பின் இந்தியாவுக்கு வந்த அந்நிய நேரடி முதலீட்டில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு இத்தீவின் பெயரிலேயே பதிவாகியுள்ளது.

இதில் அத்தீவின் தொழிலாளிக்குக் கிடைத்தது என்ன? கணக்கர்களுக்கும் வழக்கறிஞர்களுக்கும் வேலை கிடைத்தது உண்மை. சர்க்கரைக்கு ஐரோப்பா அளித்துவந்த உத்தரவாத விலை 2009இல் முடிந்தது. கரும்பு நிலத்தின் ஒரு பகுதி அயல்நாட்டுச் செல்வந்தர்களின் சொகுசு மாளிகைகளாகியுள்ளது. ஆடை ஆலைகளில் வங்கதேசத்திலிருந்தும் இந்தியாவிலிருந்தும் ஒப்பந்தத்தில் கொண்டுவரப்பட்ட தொழிலாளர்கள் வேலை செய்கிறார்கள். பழைய கூலிக் கப்பல் இப்போது விமானமாகியிருக்கிறது. 2025 மே மாதம் பிரிட்டனுடன் கையெழுத்தான உடன்பாடு சாகோஸின் இறையாண்மையை மொரீஷியஸுக்கு ஒப்புக்கொண்டது; டீகோ கார்சியாவோ 99 ஆண்டுகளுக்கு வாடகைக்கு என்றது. கரும்பை விற்ற நாடு முகவரியை வாடகைக்கு விட்டது, பின்னர் போர்த்தளத்தையும் விட உடன்பட்டது. சிறிய நாட்டுக்கு வேறு வழியென்ன என்று கேட்பவர்கள் உண்டு. நிலத்தைத் தொடாமல் வழி தேடினால் வேறு வழி இராது என்பதே அதற்கு விடை.

2024 நவம்பரில் நவீன் ராம்கூலம் தலைமையிலான கூட்டணி முதன்மைத் தீவின் 60 இடங்களையும் வென்றது. பெராஞ்சேயின் கட்சியும் அதில் பங்கேற்றது. அடுத்த ஜூனில் வந்த வரவு செலவுத் திட்டம், ஓய்வூதிய வயதை 60இலிருந்து 65ஆகப் படிப்படியாக உயர்த்துவதாக அறிவித்தது. கடன் சுமையைக் குறைக்க வேண்டும் என்பது அரசு சொன்ன காரணம். தொழிற்சங்கங்கள் வீதிக்கு வந்தன.

அவர்களுடன் தோழமை தெரிவிக்க மும்பையில் ஒரு கூட்டம் நடக்குமானால், அங்கு எழுப்ப வேண்டிய கோரிக்கை ஒன்றுண்டு. அயல்நாட்டு முகவரியுடன் இந்தியப் பங்குகளை வைத்திருக்கும் ஒவ்வொரு நிதியத்துக்கும் இறுதி உரிமையாளர் யாரென்று எவரும் காணத்தக்க பொதுப் பதிவேடு வேண்டும். அது வெளியானால் போர்ட் லூயிஸ் தொழிலாளிக்கும் காட்கோபர் தொழிலாளிக்கும் சில பெயர்கள் பொதுவாக இருக்கக்கூடும்.