எல்லைக்குள் நிற்கும் பொய்

அறுந்த கம்பியைக் கண்டுபிடிப்பது எப்போதோ தீர்ந்த சிக்கல். 4–20 மில்லிஆம்பியர் சிக்னல் 3.6-க்குக் கீழே இறங்கினாலோ 21-ஐத் தாண்டினாலோ அது பழுது என்று கொள்ளச் சொல்லும் நாமூர் பரிந்துரையை இன்றைய கட்டுப்பாட்டு அமைப்புகள் அறியும். 1979-இல் டான்செம் சிமென்ட் ஆலை வந்த அரியலூரில் இன்று ஓடும் சூளைகளுக்குத் தலைவலி வேறு: எல்லைக்குள் நின்றுகொண்டே தவறாகச் சொல்லும் கருவி. மூலமாவைச் சூடாக்கும் சைக்ளோனின் அழுத்தக் குழாயைத் தூசி அடைத்துவிட்டால் அளவு அசையாது. உள்ளே மாவு கட்டிக்கொண்டிருக்க, திரையில் சூளை சாதுவாகத் தெரியும். 1450 டிகிரி எரிமண்டலத்தைப் பார்க்கும் பைரோமீட்டரின் முன் தூசி மண்டினால் சூடு இறங்கியதாகக் காட்டும். அதை நம்பிக் கட்டுப்பாட்டு லூப் நிலக்கரியைக் கூட்டும். அடி வாங்குவது உள்செங்கல்.

பக்கத்தில் இன்னொரு பைரோமீட்டர் வைப்பதுதான் வழக்கமான பதில். அதே தூசி அதையும் மறைக்கும். சாட்சி வேறு இயற்பியலிலிருந்து வர வேண்டும். 2005 மார்ச் 23 அன்று டெக்சாஸ் சிட்டி எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையில் கோபுரம் நிரம்பி வழியப் போகும் நேரத்தில் மட்டமானி திரவம் மெல்லக் குறைவதாகக் காட்டியது. அடுத்து நேர்ந்த வெடிப்பில் 15 பேர் இறந்தார்கள். உள்ளே போன அளவும் வெளியேறிய அளவும் தனித்தனித் திரைகளில் கிடந்தன, கழித்துப் பார்க்க ஏற்பாடில்லை. நம் சூளையிலும் சாட்சிகள் ஏற்கெனவே இருக்கிறார்கள். எரிமண்டலம் சூடேறினால் சரக்கு ஒட்டிக்கொண்டு மேலே ஏறும், டிரைவ் மோட்டாரின் ஆம்பியர் கூடும், நைட்ரஜன் ஆக்சைடும் ஏறும். பைரோமீட்டர் மட்டும் சரிந்து மற்ற இரண்டும் அசையாதிருந்தால் முதலில் சந்தேகிக்க வேண்டியது பைரோமீட்டரைத்தான்.

சூளைக்குள் படிவு வளையமாகக் கட்டினாலும் ஆம்பியர் மாறுமே, சூளைக்குத் துல்லியமான மாதிரி ஏது என்பார்கள். நியாயம்தான். ஆனால் இங்கே தேவை டிகிரிக் கணக்கல்ல; மூன்றும் ஒரே திசையில் நகர்கின்றனவா என்பதே. பொய் அலாரம் பெருகினால் ஆப்பரேட்டர் பைபாஸ் போட்டுவிடுவார் என்பது இதைவிட வலுவான மறுப்பு. அதனால்தான் சந்தேகம் வந்த மாத்திரத்தில் சூளையை நிறுத்தக் கூடாது: எரிபொருளை இருந்த இடத்தில் பிடித்து, லூப்பின் கை நீளத்தைக் குறைத்து, ஆளை அழைத்தால் போதும். பெரம்பலூர் பக்கத்துச் சர்க்கரை ஆலையில் பிஎச் மின்முனையில் படிவு ஏறும்போதும் சுண்ணாம்புப் பால் வால்வை அப்படித்தான் கட்டிப்போட வேண்டும். சூளைப் புகையின் தூசியைப் பிடிக்கும் மின்நிலை வீழ்படிவாக்கிக்கு முன்னுள்ள கார்பன் மோனாக்சைடு அனலைசருக்கு மட்டும் இந்தச் சலுகை கூடாது. தீப்பொறி அடிக்கும் பெட்டிக்குள் என்ன வாயு போகிறது என்று தெரியாதபோது உயர்மின்னழுத்தம் உடனே துண்டிக்கப்பட வேண்டும்.