இசைவு தந்தபின் தெரிந்த உண்மை

மேற்கு ஆஸ்திரேலியாவின் வடபகுதியில், பெர்த் நகரிலிருந்து ஆயிரம் கிலோமீட்டருக்கும் அப்பால், பில்பரா என்னும் செந்நிலம் விரிந்து கிடக்கிறது. மழை அரிது, மனிதர் நடமாட்டம் அதனினும் அரிது. ஆயினும் அங்கிருந்து ஆண்டுதோறும் கப்பலேறும் இரும்புத்தாது 80 கோடி டன்னுக்கும் மேல். அதில் பெரும்பங்கு சீனத்து உலைகளுக்குப் போகிறது. இத்தனை வேகத்தில் வெட்டியெடுக்கும் நிறுவனங்கள், தீர்ந்துபோகும் சுரங்கங்களுக்கு ஈடாகப் புதுப் படிவுகளைத் தேடிக்கொண்டே இருக்க வேண்டியவை. ஆகவே பில்பராவில் தேடல் ஓய்வதில்லை. அந்தத் தேடலை ஆளவேண்டிய நெறி யாது என்பதே நாம் இன்று எழுப்பும் கேள்வி.

அங்குள்ள பாறை ஏறத்தாழ 250 கோடி ஆண்டுகளுக்கு முன் கடலடியில் படிந்தது. அக்காலக் கடல்நீரில் இரும்பு கரைந்திருந்தது. நுண்ணுயிர்கள் வெளியிட்ட உயிர்வளி அந்த இரும்பைத் துருவாக்கிப் படியவைத்தது. செம்பட்டையும் கரும்பட்டையுமாக அடுக்கடுக்காய் இறுகிய அந்தப் பாறை பின்னர் நிலத்தடி நீரால் கழுவப்பட்டது. எங்கெல்லாம் சிலிக்கா கரைந்தோடிற்றோ, அங்கெல்லாம் உயர்தரத் தாது எஞ்சியது. அந்த இடங்களைக் கண்டறிவதுதான் தேடுவோரின் வேலை.

அவ்வேலையை அருகில் நின்று பார்த்தால்தான் நம் வாதம் விளங்கும். லாரியின்மீது நிமிர்ந்து நிற்கும் துளைக்கருவி பாறையைப் பொடித்து, அழுத்தக் காற்றின் விசையால் பொடியைக் குழாய்வழி மேலே தள்ளுகிறது. குறித்த ஆழத்துக்கு ஒரு பையாக அந்தச் செம்பொடி வரிசை வரிசையாய்த் தரையில் அடுக்கப்படுகிறது. நிலவியலாளர் ஒரு கைப்பிடி அள்ளிச் சல்லடையிலிட்டு நீரில் அலசுகிறார்; எஞ்சும் சில்லுகளை அறை அறையாகப் பிரித்த சிறு தட்டில் ஆழ வரிசைப்படி வைக்கிறார். ஐயம் எழுந்தால் ஒரு சில்லை மெருகிடாத பீங்கான் துண்டில் உரசுவார். கோடு சிவப்பாக விழுந்தால் ஹெமடைட் என்னும் இரும்புக் கனிமம்; மஞ்சள் கலந்த பழுப்பாக விழுந்தால் கோதைட் என்னும் மற்றொன்று. மாதிரிகள் ஆய்வகத்துக்குப் போய், இரும்பு எத்தனை விழுக்காடு, சிலிக்காவும் அலுமினாவும் பாஸ்பரசும் எவ்வளவு என்னும் விடையோடு திரும்பும்.

ஒரு துளை எதையும் மெய்ப்பிப்பதில்லை. துளைகள் நெருங்க நெருங்கத்தான் கணக்கு உறுதிப்படும். 1989-இல் ஆஸ்திரேலியா வகுத்த ஜோர்க் விதித்தொகுப்பு கனிம வளத்தை மூன்று படிகளாகப் பிரிக்கிறது: ஊகித்தது, சுட்டப்பெற்றது, அளந்தறிந்தது. புதிய துளை பழைய கணக்கைப் பொய்யாக்கினால் கணக்கைத் திருத்தியே ஆகவேண்டும். பங்குச் சந்தையில் இடம்பெற்ற நிறுவனம் அத்திருத்தத்தை ஊரறிய வெளியிடவும் வேண்டும். நேற்று அறியாததை இன்று அறிந்தால் நேற்றைய முடிவு நிற்காது என்பதில் அத்தொழிலுக்குள் இருவேறு கருத்து இல்லை. நாமும் அந்நேர்மையை மதிக்கிறோம்.

அந்நாட்டு அரசும் தாது விஷயத்தில் அவ்வாறே நடந்துகொண்டது. நாட்டில் இரும்புத்தாது குறைவு என்று கருதி 1938-இல் ஏற்றுமதிக்குத் தடை விதித்தது. அக்கருத்து தவறு என்பது புலப்படப் புலப்பட, 1960 டிசம்பரில் தடையைத் தளர்த்தியது. 1952 நவம்பரில் புயல்மேகத்துக்கு அஞ்சித் தாழப் பறந்தபோது டர்னர் ஆற்றுப் பள்ளத்தாக்கின் சுவர்கள் துருநிறத்தில் நிற்கக் கண்டதாக கால்நடைப் பண்ணையாளர் லாங் ஹான்காக் சொல்லிவந்த கதை பெயர்பெற்றது. 1962-இல் மவுண்ட் டாம் பிரைஸ் படிவு தெரியவந்தது. 1966-இல் பில்பராத் தாது கப்பலேறியது. இவற்றையெல்லாம் ‘கண்டுபிடிப்பு’ என்று எழுதும் வழக்கம் உண்டு. நமக்கு அச்சொல் உவப்பானதன்று. மேற்கு ஆஸ்திரேலியாவின் தொல்குடிகள் செங்காவிக்காகப் பல ஆயிரம் ஆண்டுகளாக வெட்டிய வில்கி மியா சுரங்கம் பில்பராவுக்குத் தெற்கே இன்றும் இருக்கிறது. செங்காவியும் ஹெமடைட்டே.

இனி 2020-ஆம் ஆண்டு மே மாதத்துக்கு வருவோம். ரியோ டின்டோ நிறுவனத்தின் பிராக்மன் 4 சுரங்கத்தை ஒட்டி ஜூக்கான் பள்ளத்தாக்கு உள்ளது. புட்டு குன்ட்டி குர்ராமா, பினிக்குரா மக்களின் தாய்நிலம் அது. அங்கிருந்த இரு பாறைக்குகைகளை அழித்துக்கொள்ள, 1972-ஆம் ஆண்டுத் தொல்குடி மரபுடைமைச் சட்டத்தின் 18-ஆம் பிரிவின்படி 2013-இல் மாநில அமைச்சர் இசைவளித்தார். 2014-இல், அழிவதற்குமுன் எடுத்துவைக்கக் கூடியதை எடுத்துவைப்போம் என்று அகழாய்வு நடந்தது. ஏழாயிரத்துக்கும் மேற்பட்ட தொல்பொருள்கள் கிடைத்தன. மனிதர் அங்கே 46,000 ஆண்டுகளுக்கு முன்பே தங்கியிருந்தனர் என்பது தெரியவந்தது. கங்காரு எலும்பைக் கூராக்கிச் செய்த கருவி ஒன்று 28,000 ஆண்டுப் பழமையது. இவை எல்லாவற்றினும் நம் நெஞ்சைத் தைப்பது ஒரு பின்னல். மனிதத் தலைமுடியைத் திரித்துப் பின்னிய அரைக்கச்சை ஒன்றின் துண்டு. வயது ஏறத்தாழ 4,000 ஆண்டுகள். அதன் மரபணு, இன்று அந்நிலத்துக்கு உரியோராய் வாழும் மக்களின் மரபணுவோடு உறவு காட்டிற்று. பாட்டன் பூட்டன் என்று எண்ணத் தொடங்கினால் நூறு தலைமுறையையும் கடந்து செல்லும் உறவு அது.

2013-இன் இசைவு அறியாமையில் தரப்பட்டது. 2014-இல் அறிவு வந்துவிட்டது. எனினும் இசைவு அப்படியே நின்றது. வந்த செய்தியைக் கொண்டு அதனை மறுபடி எண்ணிப் பார்க்கச் சட்டத்தில் இடமில்லை. அமைச்சரின் முடிவை எதிர்த்து முறையிடும் உரிமை நிலம் கேட்டவருக்கு இருந்தது. அந்நிலத்தின் தொல்குடிகளுக்கு இல்லை. குழியை வெட்ட நான்கு வழிகள் இருந்தன. மூன்று வழிகள் குகைகளைத் தொடாதவை. எண்பது இலட்சம் டன் தாது கூடுதலாகக் கிடைக்கும் என்பதற்காக நான்காவதைத் தேர்ந்த நிறுவனம், ஏனைய மூன்றும் உண்டென்பதையே அம்மக்களிடம் சொல்லவில்லை. குகைகளைக் காணச் செல்ல இசைவு கேட்டபோதுதான் வெடிமருந்து நிரப்பப்பட்டதை அவர்கள் அறிந்தார்கள். மே 24 அன்று குகைகள் தகர்க்கப்பட்டன.

தலைமை நிர்வாகியும் உயர் அலுவலர் இருவரும் பதவி விலகினர். நாடாளுமன்றக் குழு விசாரித்து இரு அறிக்கைகள் அளித்தது. தொல்குடியினர் வாய்திறந்து எதிர்க்காதபடி ஒப்பந்தங்களில் விதிகள் எழுதப்பட்டிருந்ததும் அவ்விசாரணையில் வெளிவந்தது. ஆட்களின் விலகலை நாம் பெரிதாகக் கொள்ளவில்லை. தாதுக் கணக்கில் ஒரு துளைக்குக் கிடைத்த மதிப்பு ஓர் அகழ்குழிக்கு ஏன் கிடைக்கவில்லை? இக்கேள்விக்கு எவருடைய பதவி விலகலும் விடையாகாது. இரும்பு இரண்டு விழுக்காடு குறைந்ததென்றால் திட்டம் திருத்தப்படும். நாற்பத்தாறாயிரம் ஆண்டு வாழ்வு வெளிப்பட்டபோது ஒரு கோப்பும் திறக்கப்படவில்லை. இதனை மறதி என்று நாம் கொள்ள மாட்டோம். எது அறிவு, எது அறிவன்று என்று சட்டமே முன்கூட்டி வகுத்துவைத்த அநீதி இது.

மேற்கு ஆஸ்திரேலிய அரசு 2021-இல் புதுச் சட்டம் இயற்றி, 2023 ஜூலையில் நடைமுறைக்குக் கொணர்ந்து, நிலவுடைமையாளரின் எதிர்ப்பு கிளம்பியதும் அடுத்த மாதமே அதைக் கைவிடுவதாக அறிவித்தது. 1972-இன் பழைய சட்டமே திருத்தங்களோடு மீண்டது. திருத்தங்களில் இரண்டை நாம் மனமார வரவேற்கிறோம். இசைவு பெற்றபின் புதுச் செய்தி தெரியவந்தால் அதனை அமைச்சருக்கு அறிவித்தாக வேண்டும். அவர் முடிவை மாற்றலாம். தொல்குடியினருக்கும் முறையீட்டு உரிமை கிடைத்துள்ளது. ஆனால் இறுதிச் சொல் இன்னமும் அரசிடமே. அந்நிலத்துக்கு உரியோர் வேண்டாம் என்றால் வேண்டாம் என்று நிற்கும் நிலை வரவில்லை.

2025-இல் ரியோ டின்டோவும் அம்மக்களும் செய்துகொண்ட கூட்டு மேலாண்மை ஒப்பந்தம், திட்டமிடலின் தொடக்கத்திலிருந்தே அவர்களைக் கலந்து முடிவெடுக்க வழிசெய்கிறது. நல்லது, ஆனால் ஒரு நிறுவனம் தன் தவற்றுக்குப் பின் ஒரு மக்களுக்குத் தந்தது அது. பில்பராவில் தேடல் உரிமம் பெற்றோர் வேறு பலர். அவர்களுள் எவரும் அவ்வொப்பந்தத்துக்குக் கட்டுப்பட்டவர் அல்லர்.

சட்டத்தில் சேரவேண்டியதை நாம் தெளிவாகவே சொல்கிறோம். துளைக்கருவிக்கு வழிசெய்யும் மண்வாரி நகரும் முன்னரே, அந்நிலத்தின் முதியோர் அந்தத் தடத்தை நடந்து பார்த்து இசைய வேண்டும். நடப்பதற்கான நாளையும் செலவையும் உரிமம் பெற்றவர் ஏற்க வேண்டும். சுரங்கம் வரையப்பட்ட பிறகு கேட்கும் இசைவுக்குப் பின்னால் கோடிக்கணக்கான முதலீடு நின்று நெருக்கும். தேடலின் தொடக்கத்தில் துளையைச் சற்றுத் தள்ளிப் போடுவதற்கு ஆகும் செலவு சிறிது. தாதுக் கணக்கு திருத்தப்படும் ஒவ்வொரு முறையும், அந்நிலத்தைப் பற்றி அதுவரை தெரியவந்த மரபுச் செய்திகளும் அம்மக்களின் முன் வைக்கப்பட்டு, இசைவு மறுபடியும் கேட்கப்பட வேண்டும். மாற்று வழிகள் அனைத்தையும் வரைபடத்தோடு அவர்களுக்குக் காட்ட வேண்டும். வாய்ப்பூட்டு விதி எழுதிய ஒப்பந்தம் செல்லாது என்று ஆக வேண்டும். அடுத்த தேடல் உரிமம் கையெழுத்தாகும் முன்னரே மேற்கு ஆஸ்திரேலிய அரசு இவற்றைச் சட்டமாக்க வேண்டும்.