தயவில் வளர்ந்த தூரிகையா?

ஓவியர் எலிசபெத் விஜே லெ ப்ரன் பிரெஞ்சு அரசி மரி அந்துவானெத்தின் தயவில் வளர்ந்தவர், முகஸ்துதிதான் அவருடைய கலை என்ற வாதத்தில் பாதி உண்மை. 1783இல் பிரெஞ்சு ஓவியக் கழகத்துக்குள் அவர் நுழைய அரசரின் தலையீடு தேவைப்பட்டது. ஆனால் கணவர் ஓவிய வியாபாரி என்று காரணம் காட்டிக் கதவை அடைத்ததால்தான் அது தேவைப்பட்டது. திறமைக் குறைவால் அல்ல. பன்னிரண்டு வயதில் தந்தையை இழந்து, பதின்பருவத்திலேயே உருவப்படம் எழுதிச் சம்பாதித்தவர் அவர். முகஸ்துதிக்காரர் என்றால், அதே 1783இல் அரசியை எளிய மஸ்லின் உடையில் தீட்டி ஏன் வம்பை விலைக்கு வாங்கினார்? அந்தப் படத்தைக் கண்காட்சியிலிருந்தே எடுக்க வேண்டியிருந்தது. எல்லோரையும் கொஞ்சம் அழகாக்கினார், மறுக்கவில்லை. காசு கொடுத்துத் தன் சுருக்கங்களை யார் கேட்பார்கள்?

1789 அக்டோபரில் புரட்சிக்கு அஞ்சி மகளோடு பாரிஸை விட்டு ஓடிய பிறகு அரசியின் நட்பு தாய்நாட்டில் அவருக்கு ஆபத்தாகவே மாறியது. அந்நட்பு வெளிநாட்டில் உதவியதே என்பார்கள். நேபிள்ஸ் அரசி மரியா கரோலினா மரி அந்துவானெத்தின் அக்காள். அங்கே அது உதவியிருக்கும். ரஷ்யாவின் பீட்டர்ஸ்பர்க்கில்? லெ ப்ரன் தீட்டிய தன் பேத்திகளின் படத்தைப் பார்த்துப் பேரரசி காத்தரின் கேலி செய்தார். வெறுங்கைகள் பிடிக்காததால் சட்டைக் கைகளைச் சேர்த்து மாற்ற வேண்டியதாயிற்று. பேரரசியின் அதிருப்திக்குப் பிறகும் பிரபுக்குடும்பங்கள் படம் கேட்டு வந்தன. காத்தரின் 1796இல் இறந்த பின்பும் 1801 வரை லெ ப்ரன் ரஷ்யாவில் தொழில் நடத்தினார். 1800இல் அந்நகரக் கலைக்கழகம் அவரை உறுப்பினராக்கிக்கொண்டபோது, மரி அந்துவானெத் இறந்து ஏறக்குறைய ஏழாண்டு ஆகியிருந்தது.