மேட்டுப்பாளையத்தில் இரண்டு ரெயில்கள்

பொழுது புலரும் நேரம். சென்னையில் இருந்து இரவு முழுவதும் ஓடி வந்த நீலகிரி எக்ஸ்பிரஸ், 6 மணியைத் தாண்டியதும் மேட்டுப்பாளையம் ஸ்டேஷனில் வந்து நிற்கிறது. பிரயாணிகள் பெட்டி படுக்கையுடன் இறங்குகிறார்கள். குழந்தைகள் முன்னால் ஓடுகின்றன. ஊட்டி மலை ரெயில் தயாராக நிற்கிறது. காலை 7-10 மணிக்கு அது புறப்படும்; நண்பகலில் ஊட்டி போய்ச் சேரும்.

வெளியூர்க்காரர்களுக்கு மேட்டுப்பாளையம் ஸ்டேஷன் என்றால் இதுதான். ஆனால், அதே ஸ்டேஷனில் சாப்பாட்டுத் தூக்கும் புத்தகப் பையுமாக இன்னொரு கூட்டமும் உண்டு. அது கோவை ரெயிலுக்குக் காத்திருக்கும் கூட்டம். அதைப் படம் பிடிப்பார் யாரும் இல்லை!

இரண்டில் மூத்தது எது? கோவைப் பாதைதான். 1873-ம் ஆண்டிலேயே, போத்தனூரில் இருந்து கோவை வழியாக மேட்டுப்பாளையத்துக்கு அகல ரெயில் பாதை வந்துவிட்டது. அந்தக் காலத்தில் கோடை வந்தால் சென்னை அரசாங்கமே ஊட்டிக்குப் போய்விடும். துரைமார்கள் ரெயிலை விட்டு இறங்கி, குதிரை வண்டியிலும் மாட்டு வண்டியிலும் மலை ஏறினார்கள்.

மலைக்கும் ரெயில் விடலாம் என்று 1882-ல் யோசனை சொன்னவர் சுவிட்சர்லாந்து என்ஜினீயர் ரிக்கன்பாக். 1891-ல் வேலை தொடங்கியது. ஆனால், வேலையை எடுத்த கம்பெனி நொடித்துப் போயிற்று! பின்னர் வேறொரு கம்பெனி அதை எடுத்துக்கொண்டது. 1899 ஜூன் 15-ந்தேதி குன்னூர் வரை ரெயில் ஓடியது. 1908-ல் அது ஊட்டியை எட்டியது.

கல்லார் வரை இந்த ரெயில் சாதாரண ரெயில்தான். அதற்கு மேல் குன்னூர் வரை, தண்டவாளங்களுக்கு நடுவே பற்கள் கொண்ட இரும்புப் பட்டை பதித்திருக்கிறார்கள். என்ஜினில் உள்ள பல் சக்கரம் அதைக் கவ்விக் கவ்வி ஏறுகிறது. பன்னிரண்டரை அடிக்கு ஓர் அடி ஏற்றம்! என்ஜின் முன்னால் நின்று இழுப்பதில்லை. பின்னால் நின்று தள்ளுகிறது. இந்தியாவில் இப்படிப்பட்ட பல் சக்கர ரெயில் வேறு எங்கும் கிடையாது. 46 கிலோ மீட்டர் தூரத்தில் 16 குகைகள், 250 பாலங்கள். 2005-ல் யுனெஸ்கோ சபை இதை உலகப் பாரம்பரியச் சின்னமாக ஏற்றது. பெருமைதான், மறுப்பதற்கில்லை. ஆனால், மழைக்காலத்தில் மண் சரிந்தால் இந்தப் பெருமை ரெயில் நின்றுவிடும். 2009 நவம்பர் மழையில் பாதை சிதைந்து, பல மாதங்கள் ஓடவில்லை.

மலை ரெயில் நின்றால் உல்லாசப் பயணம்தான் தள்ளிப்போகும். கோவை ரெயில் நின்றால்? ஆலைத் தொழிலாளியின் அன்றைய கூலியே போயிற்று!

காரமடை, பெரியநாயக்கன்பாளையம், துடியலூர், கோவை வடக்கு என்று இந்த ரெயில் நிற்கும் இடம் ஒவ்வொன்றிலும் பிழைப்பு இருக்கிறது. பெரியநாயக்கன்பாளையத்தில் 1930-ல் அவினாசிலிங்கம் செட்டியார் தொடங்கிய ராமகிருஷ்ண வித்யாலயம் இருக்கிறது. பெரிய தொழிற்சாலைகளும் இருக்கின்றன. காரமடை ரங்கநாதருக்கு மாசித் தேர் என்றால் கூட்டத்துக்குக் கேட்க வேண்டியதே இல்லை. மேட்டுப்பாளையம் ரோட்டிலோ, கோடை சீசனில் ஊட்டிக் கார்களும் சேர்ந்துகொண்டால் பஸ் நகராது.

2020-ல் கொரோனா வந்தபோது ரெயில்கள் நின்றன. மீண்டும் ஓடத் தொடங்கியபோது, 10 ரூபாயாக இருந்த குறைந்தபட்சக் கட்டணம் 30 ரூபாய் ஆகியிருந்தது. 2024-ல்தான் பழைய கட்டணம் திரும்பியது. தினமும் போய் வருகிறவருக்கு அந்த 20 ரூபாய் சிறு தொகையா என்ன?

இப்போதுள்ள கஷ்டம் பாதைதான். சுமார் 35 கிலோ மீட்டரும் ஒற்றைப் பாதை. ஒரு ரெயில் வந்தால் எதிர் ரெயில் காத்து நிற்க வேண்டும். 2024 ஜூலையில் தூத்துக்குடிக்கு வாரம் இருமுறை எக்ஸ்பிரஸ் விட்டார்கள். தென்பாண்டிச் சீமைக்குப் போகிறவர்களுக்கு நல்ல வசதி. அந்த ரெயிலும் இதே ஒற்றைப் பாதையில்தான் ஓட வேண்டும். இன்னும் ரெயில் வேண்டும் என்று ஊரார் கேட்டால், இடம் எங்கே இருக்கிறது?

இரட்டைப் பாதை போடுங்கள் என்ற கோரிக்கை அதனால் எழுந்ததுதான். துடியலூர்ப் பக்கம் வீடுகள் நெருங்கிவிட்டன. நிலம் தேடுவது எளிதல்ல. ஆனால், இது சமவெளி. இங்கே குகை குடைய வேண்டியதில்லை; பல் சக்கரமும் தேவையில்லை.