கூட்டாளியோடு தீவுக்குப் போகும் பிள்ளை



கோடை விடுமுறை நெருங்கும்போது பெற்றோர் சிலர் தவறாமல் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: "ஹஜ்ரத், பையன் கூட்டாளியோட ராமேஸ்வரம் போகணும்னு ஒத்தக்கால்ல நிக்கிறான். அனுப்பலாமா?" ராயகிரியில் பிறந்த பிள்ளைக்கு மேற்குத் தொடர்ச்சி மலை கண்ணெதிரே நிற்கிறது, கடலோ தொலைவில் இருக்கிறது. அதைக் காண விரும்புவது இயல்பே. ஊர் சுற்றுவது வீண் செலவு என்று மறுக்கும் பெற்றோரும் நம்மிடையே இருக்கின்றனர். அனுப்புங்கள் என்பதே என் கருத்து. ஆனால் யாரோடு போகிறான், எந்தக் கண்ணோடு பார்க்கப் போகிறான் என்ற இரண்டையும் விசாரித்து அனுப்புங்கள்.

பூமியில் பயணம் செய்து, முன் வாழ்ந்தோரின் நிலையைச் சிந்திக்குமாறு திருக்குர்ஆன் பல இடங்களில் தூண்டுகிறது. பயணிக்குத் தொழுகையைச் சுருக்கவும், நோன்பைப் பின்னர் நோற்கவும் சலுகை தந்த மார்க்கம் நம்முடையது. பயணத்தை அது தடுக்கவில்லை, ஒழுங்குபடுத்துகிறது.

முதலில் துணை. ஒருவரைப் பற்றி நற்சாட்சி சொல்ல வந்தவரிடம், அவரோடு நீர் பயணம் செய்ததுண்டா என்று உமர் (ரலி) அவர்கள் விசாரித்ததாக ஓர் அறிவிப்பு உண்டு. பள்ளிவாசலில் ஸலாம் சொல்லிப் பிரியும்போது எல்லோரும் நல்லவர்களே. பசியும் களைப்பும், பணக் கணக்கும், தாமதமாக வரும் பேருந்தும் சேரும்போதுதான் மனிதரின் உண்மைக் குணம் வெளிப்படுகிறது.

காயல்பட்டினத்து நண்பர் ஒருவரோடு பாம்பன் தீவில் இரண்டு நாள் சுற்றியிருக்கிறேன். அவர் ஷாஃபிஈ, பயணத்தில் லுஹரையும் அஸரையும் ஒரே நேரத்தில் சேர்த்துத் தொழ அவருக்கு அனுமதி உண்டு. நான் ஹனஃபி, அவற்றைச் சுருக்கித் தொழுதாலும் அதனதன் நேரத்தில் தொழ வேண்டியவன். அவருடைய அஸர் லுஹரோடு முடிந்திருந்தது. ஆயினும் நேரம் வந்ததும், "காக்கா, அஸர் ஆயிடிச்சு, வண்டியை நிறுத்தச் சொல்லவா?" என்று அவரே முந்திக்கொண்டார். நான் தொழுது முடிக்கும்வரை என் பையைக் காத்தபடி மணலில் அமர்ந்திருந்தார். அந்த இரண்டு நாளும் எங்களுக்குள் ஒரு தர்க்கம்கூட எழவில்லை. மத்ஹபு வேறுபாட்டை நூல் வழியே கற்பிக்கலாம். அதோடு அன்பாக வாழ்வதைப் பயணமே கற்பிக்கும்.

அடுத்தது பார்வை. அத்தீவின் கிழக்கு முனையில் தனுஷ்கோடி கிடக்கிறது. 1914-இல் பாம்பன் ரயில் பாலம் திறக்கப்பட்டதும், ரயிலில் அவ்வூர் வந்து கப்பலேறித் தலைமன்னார் செல்வது வழக்கமாயிற்று. 1964 டிசம்பர் 22-ஆம் நாள் இரவில் வீசிய புயலில் கடல் ஊருக்குள் புகுந்தது. நூற்றுக்கும் மேற்பட்ட பயணிகளோடு வந்துகொண்டிருந்த ரயிலும் அடித்துச் செல்லப்பட்டது. மனிதர் வாழத் தகுதியற்ற இடமென அரசு அறிவித்தது. இன்று எஞ்சியிருப்பவை தேவாலயத்தின் சுவர்களும் ரயில் நிலையத்தின் சிதைவுகளும் போன்ற சிலவே. 2017-இல் அரிச்சல்முனை வரை சாலை வந்தபின் கூட்டம் பெருகிவிட்டது. பலர் உயிர்நீத்த இடத்தில் சிரித்துப் படமெடுத்துத் திரும்புவோரே மிகுதி.

இதைவிட என்னை வருத்துவது வேறொன்று. அவ்வூர் பாவத்தால் அழிந்தது என்று நம்மவர் சிலர் எளிதாகத் தீர்ப்புச் சொல்லிவிடுகின்றனர். இந்த அதிகாரத்தை இவர்களுக்கு யார் கொடுத்தது? ஸமூது கூட்டத்தாரின் முடிவை நாம் அறிவது வஹீயின் வழியாக. தனுஷ்கோடியைப் பற்றி நமக்கு எந்த வஹீயும் வரவில்லை. நீரில் மூழ்கி இறக்கும் முஃமினை ஷஹீதுகளில் ஒருவராக எண்ணும் மார்க்கத்தில் இருந்துகொண்டு, மூழ்கியவர்களைக் குற்றவாளிகளாக்குவது எப்படித் தகும்? அந்தச் சுவர்களின் முன் நிற்கும் பிள்ளை சிந்திக்க வேண்டியது இறந்தவர்களின் பாவத்தை அன்று. மாலையில் ரயிலேறியவருக்குக் காலை உறுதியில்லை என்ற தன் நிலையையே அவன் சிந்திக்க வேண்டும்.

அங்கு இறந்தோர் மட்டுமல்லர், வாழ்வோரும் உளர். ஓலைக் குடிசைகளில் மீனவக் குடும்பங்கள் இன்றும் வாழ்கின்றன. அமைதியான வடகடலைப் பெண்கடல் என்றும், அலையடிக்கும் தென்கடலை ஆண்கடல் என்றும் அவர்கள் அழைக்கின்றனர். உப்புக்கடல் சூழ்ந்த மணலில் குழி தோண்டி நன்னீர் எடுக்கின்றனர். அந்த மணலில் பிரியாணிப் பொட்டலத்தையும் தண்ணீர்ப் பாட்டிலையும் வீசிவிட்டு வருவது, ஒருவருடைய வீட்டு முற்றத்தில் எச்சிலை எறிவதற்கு ஒப்பாகும். பாதையில் கிடக்கும் இடையூற்றை அகற்றுவதே தர்மம் எனக் கற்ற சமுதாயம், இடையூற்றைப் போட்டுவிட்டு வரலாமா?

அப்துல் கலாம் அவர்களின் தந்தை ஜைனுலாப்தீன், மரப்படகு கட்டி இராமேசுவரம் வந்த யாத்ரீகர்களைத் தனுஷ்கோடிக்கு ஏற்றிச் சென்றவர். அந்தப் படகும் பின்னர் ஒரு புயலில் அழிந்தது. கோயிலின் தலைமை அர்ச்சகர் இலட்சுமண சாஸ்திரி அவருடைய நெருங்கிய நண்பர். பிற சமயத்துப் பயணியைச் சுமந்து சென்ற அத்தீவின் முஸ்லிமுக்கு, அங்கு செல்லும் நம் பிள்ளைகள் இழுக்குத் தேடித்தரலாகாது.

ஆகவே, பெற்றோரே, பிள்ளையை அனுப்புமுன் மூன்று செய்யுங்கள். அவன் கூட்டாளியை ஒரு வேளை வீட்டுக்கு அழைத்துச் சாப்பாடு போட்டுப் பேசிப் பாருங்கள். பயணத் தொழுகையின் சட்டத்தை இருவருக்கும் சொல்லிக் கொடுங்கள்; தெரியாவிட்டால் மத்ரஸாவுக்கு அனுப்புங்கள், அரைமணி நேரம் போதும். குப்பையைத் திரும்பக் கொண்டுவர ஒரு பையும் கொடுத்தனுப்புங்கள். திரும்பி வந்ததும் எத்தனை படம் எடுத்தான் என்று கேட்க வேண்டாம். யாரிடம் பேசினான் என்று கேளுங்கள்.

நம் பிள்ளைகளின் பயணங்களை வல்ல அல்லாஹ் பாதுகாப்பானவையாகவும் படிப்பினை நிறைந்தவையாகவும் ஆக்குவானாக. ஆமீன்.