கண்ணிருந்தும்

மதுரையில் கோயிலைத் தவிரப் பார்ப்பதற்கு என்ன இருக்கிறது என்று கேட்கிறவர்களைக் கண்டால் எனக்குக் கோபந்தான் வருகிறது. காலையில் கோயில், பகலில் திருமலை நாயக்கர் மகால், மாலையில் ரயில். அதற்குள் ஊரைப் பார்த்தாகிவிட்டதாம்!

ஓவியர் மனோகர் தேவதாஸ் 1936-ல் மதுரையில் பிறந்து 2022-ல் மறைந்தவர். ரசாயனம் படித்து உத்தியோகம் பார்த்தவர். விழித்திரை நோயால் அவருடைய பார்வை ஆண்டுக்கு ஆண்டு குறுகிக்கொண்டே வந்தது. அந்தக் கண்களோடுதான் கோபுரங்களையும் யானைமலையையும் மயிரிழை போன்ற கறுப்பு மைக்கோடுகளால் வரைந்து வைத்தார். அந்தப் படங்களைப் பார்த்துவிட்டு நான் ஒத்தக்கடைப் பக்கம் போய் நின்றேன். பஸ் ஜன்னலில் ஓடி மறைகிற பாறையல்ல அது, படுத்திருக்கும் யானையேதான்.

2010-ல் அந்த மலையைச் சிற்ப நகரமாக்க ஒரு திட்டம் போட்டார்கள். நரசிங்கப் பெருமாள் குடைவரையும் சமணச் சிற்பங்களும் ஆயிரம் ஆண்டுகளுக்கு மேலாக இருக்கிற மலையில் புதிதாக எதைச் செதுக்குவதாக உத்தேசமோ! நல்ல வேளையாக ஊர்மக்கள் எதிர்த்து நின்று தடுத்தார்கள். அவர்கள் கண்ணுக்கு மலை தெரிந்தது. திட்டம் போட்டவர்கள் கண்ணுக்குக் கல்தான் தெரிந்தது.

சுற்றுலா விளம்பரத்துக்குக் கொட்டுகிற பணத்தில் கொஞ்சம் எடுத்து, தேவதாஸின் படங்களை மதுரைப் பள்ளிக்கூடங்களில் மாட்டட்டும். பார்க்கத் தெரிந்த பிள்ளைகள் நாளைக்கு ஊரை விலை பேச விடமாட்டார்கள்.